பீபாப் பழக வருகிறவர்களுக்கு: ஸ்கேலில் இருந்து பாட்டுக்குப் போகும் வழி

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். ஞாயிறு ஆராதனை, கல்யாண வரவேற்பு, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், இவற்றில்தான் கை பழகியது. ஜாஸ் மேல் ஆசை வந்து, அதில் ஒரு வகையான பீபாப்பின் பயிற்சிகளைத் தொடங்கிப் பதினொரு மாதம் கழித்து, திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் நாலு பேர் கூடி வாசிக்கும் இடத்துக்குப் போனேன். எஃப் சுருதியில் ப்ளூஸ் போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்தது. பன்னிரண்டு சுருதியிலும் ஸ்கேல் ஏறி இறங்கத் தெரிந்த கை, பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமலே ஓடியது. முடிந்ததும் பாறசாலையில் இருந்து வந்திருந்த கிட்டார் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மக்கா, ஸ்கேலு நல்லா வாசிக்குத. பாட்டு எங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு மேலும் ஒன்றரை வருஷம் பிடித்தது. நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரைக்கும், அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை வரைக்கும், நன்றாக வாசிக்கிற எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஜாஸ் சொல்லித்தர ஆள் பக்கத்தில் இல்லை. நான் அலைந்ததுபோல் அவர்களும் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். நம் ஊரில் பாட்டின் சுருதியையும் "என்ன ஸ்கேல்?" என்றுதான் கேட்போம். இங்கே குழப்பம் வராமல் இருக்க, சுருதி என்றால் பாட்டின் சுருதி, ஸ்கேல் என்றால் சுரவரிசை. மேஜர் ஸ்கேலும், செவன்த் கார்டுகளைப் பிடிக்கவும் தெரிந்திருந்தால் போதும், இதைத் தொடங்கலாம். தெரியாவிட்டால் இரண்டு மாதம் அதைப் பழகிவிட்டு வாருங்கள்.

1. டிரான்ஸ்போஸ் பட்டனை அணையுங்கள்

சர்ச் கீபோர்டுக்காரர்கள் பெரும்பாலும் சி சுருதியில் விரல் வைத்து, பாடுகிறவருக்கு ஏற்ப டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துவோம். ஆராதனைக்கு அது உதவும். பீபாப்புக்கு அது முதல் தடை. இந்த இசையில் பல பாட்டுகளில் ஒரே பாட்டுக்குள் சுருதி பலமுறை மாறும். பாட்டின் நடுவில் பட்டனைத் தேட முடியாது.

இன்றைக்கே பட்டனை பூஜ்ஜியத்தில் வைத்து, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முதல் மாதம் சர்ச்சில் இ ஃபிளாட் பாட்டு வந்தால் வியர்த்தது, மூன்றாம் மாதம் பழகிவிட்டது. ஆட்டோ ஸ்டைலையும் நிறுத்துங்கள். அது தாளத்தை உங்களுக்காகப் பிடித்துக்கொடுக்கிறது. பீபாப்பில் தாளம் உங்கள் உடம்புக்குள் இருக்க வேண்டும்.

சோல்ஃபா (டோ, ரே, மி) படித்துப் பாடகர் குழுவில் பாடியவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. எந்தச் சுருதியிலும் "டோ" எங்கே என்று காது தானாகக் கண்டுபிடிக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

சாக்ஸஃபோன், டிரம்பெட் வாசிக்கிறவர்கள் வேறொரு இடத்தில் மாட்டுவார்கள். அந்தக் கருவிகளுக்குத் தாளில் எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு. கீபோர்டில் எஃப் ப்ளூஸ் என்றால் ஆல்டோ சாக்ஸுக்கு அது டி. டெனர் சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் ஜி. தாளைத் திறக்கும் முன்பே இது தெளிவாக இருக்க வேண்டும்.

2. தாள்கள், கருவி, செலவு

கையில் நாலு தாள் இருந்தால் போதும்.

ப்ளூஸ் என்பது பன்னிரண்டு பார் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு வடிவம், ஒரு பார் என்றால் நாலு பீட். எஃப் ப்ளூஸின் பன்னிரண்டு பார் கார்டுகள் ஒரு தாள். டூ-ஃபைவ்-ஒன், அதாவது ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களில் அமையும் கார்டு வரிசை (சி சுருதியில் டி மைனர்7, ஜி7, சி), பன்னிரண்டு சுருதியிலும் எழுதிய தாள் ஒன்று. இதை அச்சில் எடுக்காமல் கையால் எழுதுங்கள், எழுதும்போதே பாதி மனதில் ஏறிவிடும். பீபாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல்டோ சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்த சோலோ (மெட்டுக்குப் பிறகு ஒருவர் கற்பனையாக வாசிக்கும் பகுதி) ஒன்றின் நொட்டேஷன் மூன்றாவது. நாலாவது ஒரு நோட்டுப் புத்தகம், தேதி போட்டு அன்றன்றைக்குப் பழகியதை எழுத.

பார்க்கரின் சோலோக்களை எழுதித் தொகுத்த புத்தகம் வாங்குகிறவர்கள் அட்டையைக் கவனியுங்கள். அது சி, பி ஃபிளாட், இ ஃபிளாட், பாஸ் க்ளெஃப் என்று தனித்தனிப் பதிப்புகளாக வருகிறது. கீபோர்டு, கிட்டாருக்கு சி பதிப்பு. ஆல்டோவுக்கு இ ஃபிளாட். என் நண்பர் ஆல்டோ வாசிப்பவர். சி பதிப்பை வாங்கிவிட்டு, ரெக்கார்டோடு சேரவில்லை என்று ஒரு மாதம் கருவியைச் சந்தேகப்பட்டார்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "நூறு பீபாப் லிக்குகள்" போன்ற, துண்டு வரிகளைத் தொகுத்த பிடிஎஃப்களை இப்போதைக்குத் திறக்காதீர்கள். என்னிடம் ஏழு கோப்பு இருந்தது. ஒன்றையாவது மேடையில் வாசித்ததில்லை.

தாளத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் ஆப் இலவசம். ரெக்கார்டை மெதுவாகக் கேட்க யூடியூபில் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். பின்னணி இசைக்கு ஐரியல் புரோ என்று காசு கொடுத்து வாங்கும் ஆப் இருக்கிறது. மூன்றாம் மாதத்துக்கு முன் வாங்க அவசியமில்லை. முதல் ஆறு மாதத்தில் நோட்டு, ஜெராக்ஸ், ஹெட்ஃபோன், திருவனந்தபுரம் போய்வந்த பஸ், ரயில் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது நாலாயிரம் ரூபாய்க்குள்தான். கருவி முன்பே இருந்தது.

கருவி புதிதாக வாங்குகிறவர்களுக்கு: 61 கட்டை போதும், ஆனால் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் கட்டையாக இருக்க வேண்டும். பீபாப்பில் எந்தச் சுரத்தை அழுத்தி வாசிக்கிறோம் என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. பழைய கருவி என்றால் ஒவ்வொரு கட்டையையும் தனியாக அழுத்திப் பாருங்கள், ஹெட்ஃபோன் துளையைச் சோதியுங்கள். நம் பக்கம் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. தகரக் கூரைக்குக் கீழே ஹெட்ஃபோன் இல்லாமல் எதுவும் கேட்காது.

திருவனந்தபுரத்தில் வாங்கினால் பில்லில் கருவியின் சீரியல் எண் இருக்கிறதா, வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எனக்கு ஒரு கடையில் முத்திரை போடாமல் கொடுத்துவிட்டார்கள். ஏழாம் மாதம் இரண்டு கட்டை செத்தபோது வாரண்டி செல்லவில்லை, 2,800 ரூபாய் கைக்காசு போனது. இன்னொன்று, தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு களியக்காவிளையைத் தாண்டாதீர்கள். பணத்துக்குக் கணக்குத் தாள் காட்ட முடியாவிட்டால் பறக்கும் படை பிடித்து வைத்துவிடும். அந்த வாரங்களில் பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள்.

3. விரலுக்கு முன் காது

இதை மூன்றாவதாகப் போட்டிருக்கிறேன், ஆனால் தினமும் இதில்தான் தொடங்க வேண்டும். பார்க்கரின் "நௌஸ் த டைம்" எஃப் சுருதி ப்ளூஸ். மெட்டு எளிது, வேகமும் மிரட்டாது. 1945 நவம்பரில் பதிவு செய்தது ஒன்று, 1953இல் மறுபடி பதிவு செய்தது ஒன்று, இரண்டிலும் சோலோ வேறு. கையில் உள்ள நொட்டேஷன் எந்தப் பதிவுக்கானது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய பதிவுகளில் சுருதி இம்மியளவு ஏறியோ இறங்கியோ இருக்கும். கீபோர்டின் ட்யூனிங்கைச் சற்று நகர்த்தினால் சேர்ந்துவிடும்.

முதல் இரண்டு பாரை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். கருவியைத் தொடாமல் பாடுங்கள். அவரோடு சேர்ந்து பாட முடிந்த பிறகு கட்டையில் தேடுங்கள். நொட்டேஷனை அதற்குப் பிறகு, சரிபார்க்க மட்டும் எடுங்கள். ஒரு சுற்று, அதாவது பன்னிரண்டு பார், எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு ஐந்து வாரம் ஆனாலும் சரி.

ஒரு பீட்டுக்குள் இரண்டு சுரம் வந்தால், தாளில் இரண்டும் சமமாக எழுதியிருக்கும். ஆனால் அவர் வாசிப்பது சமமாக இருக்காது, முதல் சுரம் கொஞ்சம் நீளும். அதைக் கணக்காகத் "தகிட" என்று மூன்றாகப் பிரித்து வாசித்தால் நொண்டுவதுபோல் ஆகிவிடும். வேகம் கூடக்கூட இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும், அழுத்தம் மட்டும் இரண்டு தட்டுக்கு (பீட்டுக்கு) நடுவில் வரும் சுரத்தின் மேல் விழும். இதை எழுதிக் காட்ட முடியாது, பாடித்தான் வாங்க வேண்டும்.

மெட்ரோனோமை இரண்டாவது, நாலாவது பீட்டில் மட்டும் அடிக்கும்படி வையுங்கள். முதல் பீட்டில் கை தட்டிப் பழகிய நமக்கு இது முதல் வாரம் தலைகீழாக இருக்கும். ஆப்பில் 60 என்று வைத்து, அந்த அடியை "இரண்டு, நாலு" என்று எண்ணினால் பாட்டின் வேகம் 120. தொடங்க அது போதும்.

4. எட்டாவது சுரம் எதற்கு

பீபாப் ஸ்கேல் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இதை விளங்கிக்கொள்ளாமல்தான் பதினொரு மாதத்தை நான் தொலைத்தேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சி7 கார்டை எடுங்கள். அதன் சுரங்கள் சி, இ, ஜி, பி ஃபிளாட். இதற்கான ஏழு சுர ஸ்கேல் நமக்குத் தெரிந்த அரிகாம்போதிதான். சி-யில் இருந்து கீழே, ஒரு பீட்டுக்கு இரண்டு சுரமாக இறங்குங்கள்: சி, பி ஃபிளாட், ஏ, ஜி, எஃப், இ, டி, சி. இப்போது தட்டில் விழுந்த சுரங்களை மட்டும் பாருங்கள்: சி, ஏ, எஃப், டி. கார்டில் இருந்து சி ஒன்றுதான் தட்டில் விழுந்தது, மற்ற மூன்றும் வெளியே உள்ளவை. விரல் சரியான ஸ்கேலில்தான் ஓடுகிறது, காதுக்கு வேறு கார்டு கேட்கிறது.

அதே இறக்கத்தில் சி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவே பி-யைச் சேருங்கள்: சி, பி, பி ஃபிளாட், ஏ, ஜி, எஃப், இ, டி. தட்டில் விழுவது சி, பி ஃபிளாட், ஜி, இ. அப்படியே சி7 கார்டு. அடுத்த பாரின் முதல் தட்டில் மறுபடி சி வந்து நிற்கிறது. ஒரு பாரில் எட்டு சுரம், ஸ்கேலிலும் எட்டு சுரம், அதனால் கணக்குத் தப்புவதில்லை.

சங்கீதம் கேட்டவர்களுக்குக் காம்போதியில் காகலி நிஷாதம் எட்டிப் பார்ப்பது நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது, அதனால் சந்தோஷமாக அந்தச் சுரத்தை இழுத்து நிறுத்தி வாசித்தேன். தப்பு. இங்கே அந்தச் சுரம் தட்டுக்கு நடுவில் கடந்து போவதற்கு மட்டும். அதன் மேல் நின்றால் கார்டோடு இடிக்கும்.

இதில் விழும் குழி: எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் எட்டாவது சுரத்தைச் சேர்ப்பது. டி-யில் தட்டின் மேல் தொடங்கிப் பி-யையும் சேர்த்தால் தட்டில் விழுவது டி, பி, ஏ, எஃப். எல்லாம் கெட்டுவிடும். டி-யில் தொடங்கினால் கூடுதல் சுரம் வேண்டாம்: டி, சி, பி ஃபிளாட், ஏ, ஜி, எஃப், இ, டி என்று இறங்குங்கள், தட்டில் டி-க்குப் பிறகு பி ஃபிளாட், ஜி, இ வந்துவிடும். கார்டு சுரத்தில் தொடங்கினால் சேர், மற்றதில் தொடங்கினால் சேர்க்காதே. முதல் ஆறு மாதத்துக்கு இந்த விதி போதும்.

டூ-ஃபைவ் வரும்போது டி மைனர்7, ஜி7 இரண்டுக்கும் தனித்தனி ஸ்கேல் தேட வேண்டாம், இரண்டுக்கும் ஜி7 ஸ்கேலையே வாசிக்கலாம். டெட்ராய்ட்டில் பிறந்து 2021இல் மறைந்த பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அவருடைய வகுப்பு வீடியோக்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, ஸ்கேல் விஷயத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை அவைதான்.

5. வாசலுக்கு இரண்டு பக்கமும் தொட்டு உள்ளே போவது

இதை என்க்ளோஷர் என்பார்கள். போய்ச் சேர வேண்டிய சுரத்துக்கு மேலே ஒன்று, அரைச் சுரம் கீழே ஒன்று தொட்டுவிட்டு அதில் இறங்குவது. இ-யில் இறங்க: எஃப், டி ஷார்ப், இ.

சுரம் மூன்றுதான், சிக்கல் நேரத்தில். இ முதல் தட்டில் விழ வேண்டும் என்றால், முந்திய பாரின் நாலாவது பீட்டிலேயே எஃப்-ஐத் தொடங்கிவிட வேண்டும். அதாவது கார்டு மாறுவதற்கு முன்பே மனம் அடுத்த கார்டுக்குப் போயிருக்க வேண்டும். புதியவர்கள் எல்லாரும் கார்டு மாறிய பிறகுதான் தேடத் தொடங்குவோம். இந்த ஒரு பயிற்சி அந்தப் பழக்கத்தை உடைத்துவிடும்.

எஃப் ப்ளூஸில் ஒவ்வொரு கார்டின் மூன்றாம் சுரத்துக்கும் பழகுங்கள். எஃப்7க்கு ஏ: பி ஃபிளாட், ஜி ஷார்ப், ஏ. பி ஃபிளாட்7க்கு டி: இ ஃபிளாட், சி ஷார்ப், டி. ஜி மைனர்7க்கு பி ஃபிளாட்: சி, ஏ, பி ஃபிளாட். சி7க்கு இ: எஃப், டி ஷார்ப், இ. ஒரு சுற்று முழுக்க இந்த மூன்று மூன்று சுரங்களை மட்டும் வாசித்து, மீதி இடத்தை வெறுமனே விடுங்கள். இரண்டு வாரம் இதையே செய்யலாம். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

6. ஒரே ஒரு வரி

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து டூ-ஃபைவ்-ஒன்னுக்கு ஒரு வரி தருகிறேன். சி சுருதியில், ஒரு பாருக்கு எட்டு சுரம்.

டி மைனர்7: எஃப், ஏ, சி, இ, டி, சி ஷார்ப், சி, ஏ ஷார்ப்
ஜி7: பி, டி, எஃப், ஏ ஃபிளாட், ஜி, எஃப் ஷார்ப், எஃப், டி ஷார்ப்
சி: இ

முதல் நாலு சுரம் கார்டின் மூன்றாம் சுரத்தில் இருந்து ஒன்பதாம் சுரம் வரைக்கும் ஏறுகிறது. பார் முடியும் இடத்தில் சி, ஏ ஷார்ப் இரண்டும் பி-யைச் சுற்றிப் பிடிக்கின்றன. ஜி7இல் மறுபடி மூன்றாம் சுரத்தில் இருந்து ஏற்றம், இந்த முறை மேலே ஏ ஃபிளாட், அது கொஞ்சம் ஏக்கம் சேர்க்கும். பிறகு ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று நாம் பார்த்த எட்டாவது சுரம். கடைசியில் எஃப், டி ஷார்ப் வழியாக இ-யில் இறக்கம். நாலாம் படியும் ஐந்தாம் படியும் இதற்குள் இருக்கின்றன.

60 வேகத்தில், ஒவ்வொரு பீட்டுக்கும் மெட்ரோனோம் அடிக்க, மூன்று நாள் வாசியுங்கள். தவறில்லாமல் ஐந்து தடவை வந்தால் 4 கூட்டுங்கள். 100 தாண்டியதும் மெட்ரோனோமை இரண்டு, நாலுக்கு மாற்றுங்கள். விரல் எண்களைத் தாளிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள், ஒரே சுரத்தைத் தினம் வேறு வேறு விரலில் வாசித்தால் வேகம் ஏறவே ஏறாது.

7. அன்றைக்கே பாட்டில் வையுங்கள்

நான் தொலைத்த வருஷத்துக்குக் காரணம், பயிற்சியை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பாட்டுக்குப் போகலாம் என்று நினைத்ததுதான். பயிற்சி முடிவதே இல்லை. காலையில் பழகியது அன்று இரவுக்குள் ஒரு பாட்டில் உட்கார வேண்டும்.

எஃப் ப்ளூஸின் எளிய வடிவம்: எஃப்7, பி ஃபிளாட்7, எஃப்7, எஃப்7. பி ஃபிளாட்7, பி ஃபிளாட்7, எஃப்7, டி7. ஜி மைனர்7, சி7, எஃப்7, சி7. ஒன்பதாவது பாரையும் பத்தாவது பாரையும் பாருங்கள், டூ-ஃபைவ். பதினொன்றாவது ஒன். நம் வரியை எஃப்-க்கு மாற்றினால் அங்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்:

ஜி மைனர்7: பி ஃபிளாட், டி, எஃப், ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப், டி ஷார்ப்
சி7: இ, ஜி, பி ஃபிளாட், டி ஃபிளாட், சி, பி, பி ஃபிளாட், ஜி ஷார்ப்
எஃப்7: ஏ

முதல் வாரம்: இடது கை கார்டு பிடிக்க, எட்டு பார் வரைக்கும் வலது கை சும்மா இருக்கட்டும். ஒன்பதாவது பாரில் இந்த வரி. அவ்வளவுதான். எட்டு பாரை வாசிக்காமல் எண்ணிக்கொண்டு இருப்பது வாசிப்பதைவிடக் கடினம் என்று அப்போது தெரியும். எனக்கு நாலு நாள் ஒன்பதாவது பார் எங்கே வருகிறது என்றே பிடிபடவில்லை. பிடிபட்ட அன்றைக்குத்தான் ப்ளூஸ் என் கைக்கு வந்தது.

இரண்டாம் வாரம்: வரியை உடையுங்கள். முதல் பாரின் பாதியை விட்டுவிட்டு மூன்றாவது பீட்டில் தொடங்குங்கள். இரண்டாவது பாரை மட்டும் வைத்து, முதல் பாரில் உங்களுக்குத் தோன்றியதை வாசியுங்கள். இறங்கும் இடம் மட்டும் மாறக்கூடாது, பதினொன்றாவது பாரின் முதல் தட்டில் ஏ.

மூன்றாம் வாரம்: அதே வரியின் இரண்டாவது பாரை நாலாவது பாருக்குக் கொண்டுபோங்கள். அங்கே எஃப்7இல் இருந்து ஐந்தாவது பாரின் பி ஃபிளாட்டுக்குப் போகிறோம். அதுவும் ஃபைவ்-ஒன்தான்: ஏ, சி, இ ஃபிளாட், ஜி ஃபிளாட், எஃப், இ, இ ஃபிளாட், சி ஷார்ப், பிறகு டி. ப்ளூஸில் சோலோ திரும்பும் இடம் இது. நல்ல வாசிப்பாளர்கள் எல்லாரும் இங்கே ஏதாவது ஒன்று செய்கிறார்கள் என்று இதற்குப் பிறகு ரெக்கார்டுகளைக் கேட்டால் காதில் விழும்.

இடது கையில் முழுக் கார்டு வேண்டாம். மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் மட்டும் பிடியுங்கள். எஃப்7க்கு இ ஃபிளாட், ஏ. பி ஃபிளாட்7க்கு டி, ஏ ஃபிளாட். இரண்டு விரலும் அரைச் சுரம் கீழே நகர்ந்தால் கார்டு மாறிவிடும். நடு சி-க்குச் சுற்றுவட்டாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் கீழே போனால் சத்தம் சேறாகும்.

ஒரு வேண்டுகோள். பழகிய உற்சாகத்தில் இதை ஞாயிறு ஆராதனையில் பாடல்களுக்கு நடுவே வாசிக்காதீர்கள். சபை பாடும்போது மெட்டைத் தாங்கிக் கொடுப்பதுதான் நம் வேலை.

8. நாளும் வாரமும்

எனக்கு ஒத்துவந்த நேரக் கணக்கு: தினம் 45 நிமிஷம். அப்பா ரப்பர் பால் வெட்டக் கிளம்பும்போது நானும் எழுந்து, ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்துவிடுவேன். 10 நிமிஷம் காது, 15 நிமிஷம் ஒரே ஒரு பயிற்சி, 20 நிமிஷம் பாட்டு. பாட்டின் நேரத்தை எதற்காகவும் குறைக்க வேண்டாம். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், மணிக்கட்டுதான் வலிக்கும்.

சுருதி வரிசை: சி, எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட், பி, இ, ஏ, டி, ஜி. வாரத்துக்கு ஒரு சுருதி என்றால் பன்னிரண்டு வாரம். ஜாஸில் அதிகம் வருவது எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட். நேரம் குறைவாக இருப்பவர்கள் இந்த நாலையும் சி-யையும் முதலில் முடியுங்கள். வாரக் கடைசியில் ஒரு சுற்றை ஃபோனில் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். அன்றைக்கே கேட்காமல் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள், தாளம் எங்கே ஓடுகிறது என்று பளிச்சென்று தெரியும்.

ஐந்தாம் மாதம் வரைக்கும் ஒரே எஃப் ப்ளூஸ்தானா என்று அலுக்கும். அப்போது 32 பார் ரிதம் சேஞ்சஸுக்கு, அதாவது "ஐ காட் ரிதம்" என்ற பாட்டின் கார்டு வரிசைக்குப் போகலாம். பி ஃபிளாட் சுருதியில் அதன் நடுப்பகுதி டி7, ஜி7, சி7, எஃப்7, ஒவ்வொன்றும் இரண்டு பார். எட்டு சுர ஸ்கேலுக்கு இதைவிட நல்ல மைதானம் கிடையாது.

9. மற்றவர்களோடு வாசிக்கப் போகும் நாள்

மூன்றாம் மாத முடிவில் போங்கள், தயாராகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாலையில் கூடுகிறார்கள் என்றால் குழித்துறையில் மதியமே ரயிலோ பஸ்ஸோ பிடித்துவிடுங்கள். பாலராமபுரத்தில் நெரிசல் பிடித்தால் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்து, கூட வாசிக்கிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

கார்டு தாளை மூன்று பிரதி கொண்டுபோங்கள்: கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் சி, டெனருக்கும் டிரம்பெட்டுக்கும் பி ஃபிளாட், ஆல்டோவுக்கு இ ஃபிளாட். யாரும் கேட்காமலே எடுத்து நீட்டினால் புதிதாக வந்தவருக்கும் இடம் கிடைத்துவிடும். அங்கே நடக்கிற முறை இது: எல்லாரும் சேர்ந்து மெட்டு, பிறகு ஒவ்வொருவராகச் சோலோ, சில சமயம் டிரம்மரோடு நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிப்பது, கடைசியில் மறுபடி மெட்டு. உங்கள் முறையில் இரண்டு சுற்று மட்டும் எடுங்கள். முதல் சுற்றில் பாதியைக் காலியாக விடுங்கள். ஒன்பதாவது பாரில் உங்கள் வரி. முடிக்கப் போகும்போது அடுத்தவரை நிமிர்ந்து பாருங்கள், அதுதான் சைகை.

இடம் தொலைந்துவிட்டால் விரலை எடுத்துவிட்டு பாஸைக் கேளுங்கள். ஐந்தாவது பாரில் பி ஃபிளாட்டுக்குப் போகும்போது கண்டிப்பாகத் தெரியும், அங்கே டி-யில் உள்ளே வந்துவிடுங்கள். இரண்டாம் முறை அந்த மாடிக்குப் போனபோது நானும் ஆறாவது பாரில் தொலைந்தேன். அடுத்த சுற்றின் ஐந்தாவது பாரில் இ ஃபிளாட், சி ஷார்ப், டி என்று உள்ளே வந்தேன். கிட்டார் அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, எனக்காக வால்யூமைக் கொஞ்சம் குறைத்தார்.